கோமாளிகளுக்குப் பிறகு ஏமாளிகள்

நமது திரையின் நாட்கள் – 14

1976 நவம்பரில் ‘கோமாளிகள்’ திரைக்கு வந்தபோது பரந்தன் பக்கத்துச் சனத்துக்கு அந்தப் படத்தின் ஆட்கள் புதியவர்களாக இருக்கவில்லை. மரிக்காரின் குரலும் அப்புக்குட்டியின் இழுவையும் உபாலியின் தடுமாற்றமும் ஐயரின் நீட்டலும் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழியாக ஏற்கனவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற அந்த நகைச்சுவைத் தொடரை எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்காராகப் பேசியவரும் அவரே. அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். முஸ்லிம் அல்லாத ஒருவர் மரிக்கார், முஸ்லிமான ஒருவர் ஐயர்! நால்வரில் மூவருக்குப் பாத்திரத்தின் பெயர் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் கடைசிவரைக்கும் அவர்களை நாடு அழைத்தது.

சென்ற அத்தியாயத்தை 1972இன் ‘குத்துவிளக்கு’டன் நிறுத்தியிருந்தோம். இந்த அத்தியாயம் 1976 முதல் 1978 வரையான மூன்று வருடங்களைப் பற்றியது. குறுகிய காலந்தான். ஆனால் ஈழத்துத் தமிழ்ப் படம் காசும் பார்க்கலாம், பெயரும் வாங்கலாம் என்று எல்லோரும் நம்பிய ஒரே காலமும் அதுதான். ஓடிய படத்துக்குப் பின்னால் இன்னொன்று எடுப்பதா, ஓடாத நல்ல படத்துக்குப் பின்னால் இன்னொன்று எடுப்பதா என்ற கேள்வி நம் திரையில் முதன்முதலாக எழுந்ததும் அப்போதுதான்.

முதலில் அந்தக் காலத்துப் பரந்தனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதியும் பூநகரி வீதியும் பிரிகிற சந்தி; ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை; இரணைமடுத் தண்ணீரில் விளைந்த வயல்கள்; புகையிரத நிலையம். 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கியதோடு வன்னியின் கதையே மாறியது. முல்லைத்தீவு வீதியில் போனால் வரும் விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற பெடியள் செத்தல் மிளகாயில் கண்ட காசைப் பற்றி இன்றைக்கும் கதைப்பார்கள். அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருந்து வெறுத்தவர்கள் அவர்கள். தோட்டத்தில் நின்றபடி வானொலி கேட்டார்கள், கையில் காசு வந்தபோது படம் பார்க்கப் போனார்கள்.

மிளகாய்க்கு நடந்தது ஒரு வகையில் படத்துக்கும் நடந்தது. 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. உள்ளூர்ப் படத் தயாரிப்புக்குப் பிரதியைப் பரிசீலித்துக் கடன் கொடுக்கிற முறையும் வந்தது. சென்னைப் படம் ஒன்று தன் முதலைத் தமிழ்நாட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் கப்பலேறும். இங்கே வருவதெல்லாம் அதற்கு மேல்வரும்படி. நம்முடைய படமோ போட்ட காசு முழுவதையும் இந்தத் தீவின் தமிழ்ப் பார்வையாளர்களிடமிருந்தே எடுத்தாக வேண்டும். அந்தப் போட்டியில் ஒரு சிறு வேலி போடப்பட்டதால்தான் 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ துணிந்து வந்தது. மலையகத் தொழிற்சங்கவாதியான கணேசன் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை எம்.ஜி.ஆர். பாணியில் சொன்னார். சனம் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் தைரியம் பிறந்தது.

அந்தத் தைரியத்தின் அடுத்த பலன் ‘கோமாளிகள்’. எஸ். இராமநாதன் இயக்கம், ராமதாஸின் எழுத்து. சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் கூட நடித்தார்கள். படம் நன்றாக ஓடியது. அதுவரை வந்த நம் படங்களில் போட்ட காசை மனநிறைவோடு திருப்பிப் பார்த்த மிகச் சிலவற்றுள் ஒன்று. விமரிசகர்கள் மூக்கைச் சுழித்தார்கள். வானொலியில் கேட்டதைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள், கமராவுக்கு அங்கே வேலையே இல்லை என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. படத்தின் கதையைச் சொல்லும்படி கேட்டால் பார்த்தவர்களே திணறுவார்கள். ஆனால் பேசிய விதத்தை அப்படியே நடித்துக் காட்டுவார்கள்.

இந்த இடத்தில் நான் விமரிசகர்களுடன் முழுதாக ஒத்துப்போவதில்லை. அறுபதுகளில் வந்த நம் படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் சென்னைப் படத் தமிழைத்தான் பேசின. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு மயிலாப்பூரில் நிற்பதுபோல வசனம் சொன்னார்கள். ராமதாஸ் குழு அந்தப் பொய்யை உடைத்தது. யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் ஆகிய நான்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சண்டை பிடித்தன. ஒன்றை மற்றொன்று கேலி செய்தாலும் எழுப்பி விரட்டவில்லை. பரந்தன் சந்திக்கு இது நன்றாகவே விளங்கியது. தொழிற்சாலையில் தெற்கிலிருந்து வந்தவர்கள் வேலை செய்தார்கள். மிளகாய்த் தோட்டங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூலிக்கு நின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்கள் கமம் செய்தார்கள். தேத்தண்ணிக் கடையில் தினமும் கேட்ட சங்கதிதான் திரையில் வந்தது. காதின் கலை என்று ஒன்று இருக்கிறது. ‘கோமாளிகள்’ அதில் தேறிய படம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘கோமாளிகள்’ முதல் படம் என்று நாம் சொல்கிறோம். கணக்குப் பார்த்தால் அதுவே ஓர் இரண்டாம் பாகம். முதல் பாகம் வானொலியில் ஏற்கனவே ஓடி முடிந்திருந்தது. பாத்திரங்களை அறிமுகப்படுத்த ஓர் அடி படச்சுருள்கூடச் செலவழிக்கத் தேவை இருக்கவில்லை. தியேட்டரில் விளக்கு அணையும்போதே சனம் சிரிக்கத் தயாராக இருந்தது.

அடுத்த வருடம், 1977இல், ‘பொன்மணி’ வந்தது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜா. 1974இல் ‘அஹஸ் கவ்வ’ எடுத்துச் சிங்களத் திரையில் ஒரு புதிய தலைமுறைக்கு வழி திறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தவர். பிரதி காவலூர் ராஜதுரையினுடையது, தயாரிப்பு முத்தையா இராஜசிங்கம், இசை எம். கே. றொக்சாமி. சித்திரலேகா மௌனகுரு, கமலா தம்பிராஜா போன்றவர்கள் நடித்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றுக்குள் சீதனமும் சாதியும் செய்கிற வேலையைச் சத்தம் போடாமல் காட்டியது படம். காதலர்கள் மரத்தைச் சுற்றிப் பாடவில்லை. வில்லன் என்று தனியாக ஒருவன் இல்லை. வீட்டுக்குள் இருந்த எல்லோருமே கொஞ்சங் கொஞ்சம் வில்லன்கள். கிணற்றடி, வேலி, தேர் முட்டி, கடற்கரை எல்லாம் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த இடங்கள். தெரிந்த இடங்களை இப்படி யாரும் அதற்கு முன் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

படம் ஓடவில்லை. வந்த சுருக்கில் தியேட்டரை விட்டுப் போனது. ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் ஆகச் சிறந்தது எது என்று இன்றைக்குக் கேட்டால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் பெயர் அதுதான் என்பது வேறு விடயம்.

ரசனை இல்லாத சனம் என்று அன்றைக்குச் சிலர் எழுதித் தீர்த்தார்கள். அது சோம்பேறித்தனமான விளக்கம். அதே சனம் வானொலியில் கனதியான நாடகங்களை இருந்து கேட்டது, செங்கை ஆழியானின் நாவல்களைக் கைமாற்றி வாசித்தது. ‘பொன்மணி’க்கு இல்லாமல் போனது ரசிகனின் மூளையில் ஏற்கனவே போடப்பட்ட ஒரு பாதை. அதற்கு முன் வானொலித் தொடரும் இல்லை, நாவலும் இல்லை, தெரிந்த நட்சத்திரமும் இல்லை. அது உண்மையிலேயே முதல் பாகம். பத்திராஜாவின் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை: மௌனத்தை அவர் நம்பிய அளவுக்குப் பேச்சை நம்பவில்லை. பேச்சுக்காகவே தியேட்டருக்கு வந்து பழகிய ஓர் ஊருக்கு, அதுவும் ‘கோமாளிகள்’ சிரித்து ஓய்ந்து ஒரு வருடம் ஆகுமுன், அந்த மௌனம் பெரிய சோதனைதான்.

1978 நவம்பரில் ‘ஏமாளிகள்’. மறுபடியும் ராமதாஸின் எழுத்து, மறுபடியும் இராமநாதனின் இயக்கம். கதை வேறு, சிவராமும் ஹெலன் குமாரியும் காதல் இணை. ஆனால் பெயரைச் சொன்னதுமே எந்தப் படத்தின் தம்பி இது என்று யாருக்கும் விளங்கும். எண் போட்டு இரண்டாம் பாகம் என்று அறிவிக்கிற வழக்கம் தமிழுக்கு வராத காலத்தில் பெயரின் ஓசைதான் அந்த வேலையைச் செய்தது. நம் திரை வரலாற்றில் தொடர்படம் என்று சொல்லக்கூடியதற்கு ஆகக் கிட்ட வருவது இந்த இரண்டுந்தான்.

‘கோமாளிகள்’ வாங்கிய பெயரை ‘ஏமாளிகள்’ வாங்கவில்லை. இதற்கு விமரிசகர் சொல்லும் வழக்கமான காரணம், வென்ற சூத்திரத்தைத் திரும்பப் போட்டால் சலித்துவிடும் என்பது. எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மற்றப் பாதி திரைக்கு வெளியே இருந்தது. 1976க்கும் 1978க்கும் இடையில் நாடு வேறொன்றாகிவிட்டது. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் ஆட்சி வந்தது. ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது. மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து இறங்கின. பரந்தன் சந்தி தாண்டித் தருமபுரம், விசுவமடுப் பக்கம் போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். உபாலி தமிழைப் பிழையாகப் பேசும்போது வயிறு குலுங்கச் சிரிப்பதற்கு ஒரு மனநிலை தேவை. உபாலி நம்மோடு இருப்பவன், நாளைக்கும் இருப்பான் என்ற நினைப்பு அடியில் கிடந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். அந்த நினைப்பில் விரிசல் விழுந்தபிறகு அதே குழுவைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே சிரிப்பைக் கொண்டுவர முடியாது. படம் எடுத்தவர்கள் இதை எப்படி முன்கூட்டிக் கணக்குப் போட்டிருக்க முடியும்?

உலகம் முழுவதும் அப்போது இரண்டாம் பாகக் காலந்தான். 1974இல் கொப்போலா எடுத்த ‘த கோட்ஃபாதர்’ இரண்டாம் பாகம், சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற முதலாவது தொடர்படமாயிற்று. ‘ஏமாளிகள்’ வந்த அதே 1978இல் அமெரிக்காவில் ‘ஜோஸ்’ படத்தின் இரண்டாம் பாகம், முதல் படத்தின் இயக்குநர் ஸ்பீல்பேர்க் இல்லாமலே, சுறாவை மட்டும் வைத்துக் காசு பண்ணியது. தமிழ்நாட்டுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் பிந்தி வந்தது. 1979இல் ஓடிய ‘கல்யாணராமன்’ படத்துக்கு 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. முதல் படத்தில் இறந்துபோன அப்பாவிக் கல்யாணத்தின் ஆவியை மறுபடியும் கூட்டிவந்து யப்பானைச் சுற்றிக் காட்டினார்கள். யப்பான் நன்றாக இருந்தது. பிற்காலத்துச் ‘சிங்க’ங்களையும் ‘அரண்மனை’களையும் பற்றி இங்கே சொல்லப் புறப்பட்டால் வழி தவறிவிடுவேன்.

இவற்றையெல்லாம் விட நமக்குப் பயன்படுகிற உதாரணம் வங்காளத்தில் இருக்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் கல்கத்தாவில் ஓடியது. அந்த உற்சாகத்தில் அவர் எடுத்த இரண்டாம் பாகமான ‘அபராஜிதோ’ 1956இல் உள்ளூரில் விழுந்தது. தாயிடமிருந்து விலகிப் போகும் மகனை அந்த ஊர்ப் பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1957இல் வெனிஸில் அதே படம் தங்கச் சிங்க விருதை வென்றது. மூன்று பாகமாக எடுக்கும் எண்ணம் உண்டா என்று அங்கே நிருபர்கள் கேட்க, உண்டு என்று சொல்லிவிட்டார் ராய். ஊருக்குத் திரும்பி வேறு இரண்டு படங்களை எடுத்தபின் 1959இல் ‘அபுர் சன்சார்’ வந்தது. காசு இழந்த படத்துக்கும் அடுத்த பாகம் பிறக்கலாம்; அதற்கு வெளியிலிருந்து யாராவது ஒருவர் ‘அடுத்தது எப்போது?’ என்று கேட்டாக வேண்டும்.

நம்முடைய தீவிலேயே அப்படிக் கேட்கப்பட்ட படம் உண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ 1963இல் வந்தது, 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மூன்று நாவல்களில் முதலாவது அது. மற்ற இரண்டையும் ‘கலியுகய’, ‘யுகாந்தய’ என்று 1980களின் தொடக்கத்தில் லெஸ்ரரே எடுத்து முடித்தார். ஏறத்தாழ இருபது வருட இடைவெளி. ஒரு தென்னிலங்கைக் குடும்பத்தின் கதையைச் சொல்லி முடிக்க அந்தச் சமூகம் தன் கலைஞனுக்கு இருபது வருடம் காத்திருந்து கொடுத்தது என்றும் இதைப் பார்க்கலாம். எழுத்தாளர் இருந்தார், வாசகர் இருந்தார், விருது இருந்தது, நடுவில் கூட்டுத்தாபனமும் இருந்தது.

பொன்மணியின் குடும்பத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று பத்திராஜாவிடம் யார் கேட்டார்கள்? அவர் சிங்களத் திரைக்குத் திரும்பினார். 1978இல் ‘பம்பரு அவித்’, 1980இல் ‘பார திகே’, 1981இல் ‘சொல்தாது உன்னெஹே’ என்று அவருடைய ஆகச் சிறந்த வருடங்கள் அங்கே கழிந்தன. தமிழில் அவர் இயக்கிய ஒரே கதைப்படம் ‘பொன்மணி’தான். 2018இல் அவர் காலமானபோது தமிழ்ப் பத்திரிகைகளும் அந்த ஒரு படத்தைச் சொல்லித்தான் அவரை நினைவுகூர்ந்தன.

ஆனாலும் ‘பொன்மணி’ வாரிசு இல்லாமல் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ வந்தது. செங்கை ஆழியானின் நாவல். நெடுந்தீவுக் கரைக்கு வாடை வைத்துத் தொழில் செய்ய வரும் மீனவர்களின் கதை. பேச்சில் கரையோரத்து உப்பு இருந்தது. பகையும் காதலும் உடம்போடு இருந்தன. ‘பொன்மணி’ கேட்ட பொறுமையை அது கேட்கவில்லை, கதையை இழுத்துப் பிடித்துச் சொன்னது. அதேநேரம் சென்னையைப் பார்த்துப் போடவும் இல்லை. நாவலை வாசித்திருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த விருத்தாசலத்தையும் மரியதாசையும் திரையில் தேடிக்கொண்டு போனார்கள். ‘கோமாளிகளு’க்கு வானொலி செய்ததை ‘வாடைக்காற்று’க்கு அச்சுப் புத்தகம் செய்தது. தரமும் வசூலும் ஒரே தியேட்டரில் சந்திக்க வேண்டுமென்றால் படம் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே யாரோ ஒருவர் சனத்தோடு பேசிவைத்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு படங்களையும் விட எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த வருடம் வந்தவை இவ்வளவுந்தான் என்று இல்லை. கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’, மற்றவர்களின் ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘அநுராகம்’ என்று அடுத்தடுத்து வந்தன. எண்ணிக்கையைப் பார்த்து ஒரு தொழில் தலைதூக்கிவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி வந்த நேரந்தான் பிசகு. திறந்த பொருளாதாரம் வந்துவிட்டது. பரந்தனிலும் விசுவமடுவிலும் செத்தல் மிளகாய்க்கு விலை விழுந்தது. இந்தியாவிலிருந்து வந்த மிளகாயோடு மோத வன்னிக் கமக்காரனால் முடியவில்லை. திரையிலே மோதல் வேறு உருவத்தில் வந்தது: இந்தியாவும் இலங்கையும் கூட்டாகத் தயாரித்த ‘பைலட் பிரேம்நாத்’ 1978இல் வெளியானது. சிவாஜி கணேசனும் நம்முடைய மாலினி பொன்சேகாவும் நடித்த படம். சிவாஜியையும் பார்க்கலாம், சொந்த நாட்டு நடிகையையும் பார்க்கலாம் என்று இருக்கும்போது, சிறுமுதலில் எடுத்த உள்ளூர்ப் படத்துக்கு யார் ரிக்கற் எடுப்பார்கள்? 1979இல் தொலைக்காட்சியும் வந்தது.

‘யுகாந்தய’ திரைக்கு வந்தது 1983இல். அதே வருடம் ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். அங்கே கிடந்த படச்சுருள்கள் சாம்பலாயின. அந்தத் தீயின் கதையைச் சொல்லும் முன், கணேசன் 1981இல் எடுத்த மூன்றாவது படம் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாம் பாகம் எதுவும் எடுக்காமலே ஒரே கதாநாயகனை மூன்று படங்களில் கொண்டுபோனவர் அவர். அடுத்த அத்தியாயம் அந்த ‘நாடு போற்ற வாழ்க’விலிருந்து தொடங்கும்.